வெள்ளுடையில் ஒரு வெண்கலக் குரல்

காவிரிக் கரையில் மகுடேஸ்வரர் கோயில் கொண்டருளும் பாடல் பெற்ற தலம் கொடுமுடி. அங்கே 1908-ஆம் ஆண்டு பிறந்தவர் சுந்தராம்பாள். பிறந்த ஊரையும் பெற்ற தாயாகிய பாலாம்பாளையும் முன்னெழுத்துகளாகக் கொண்டு, கே.பி.எஸ். என உலகம் அவரை அறிந்தது.

வறுமையில் வளர்ந்த அச்சிறுமி ரயில் வண்டியில் பாடியதைக் கேட்ட ரயில்வே அதிகாரி நடேச ஐயர், நாடக மேடைக்கு வழிகாட்டினார் என்பர். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாடுபவரே மேடையில் நிலைக்க முடியும். அந்தச் சோதனையில் வென்றது அவருடைய வெண்கலக் குரல்.

கொழும்பு நாடக மேடையில் அவருக்கு இணையாக வாய்த்தவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. மேடையில் இணைந்த இருவரும் வாழ்விலும் இணைந்தனர். அந்த இன்பம் நீடிக்கவில்லை. 1933 டிசம்பரில், தம் 27-ஆம் வயதில் கிட்டப்பா காலமானார். அப்போது அம்மையாருக்கு வயது 25. அன்று வெள்ளுடை பூண்டவர், இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி கொண்டார்.

அந்த உறுதி அவர் கலையை முடக்கவில்லை, இறைவன்பால் திருப்பியது. 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனார் வேடத்தையே அவர் ஏற்றார். மறுத்துவிடுவார்கள் என்றெண்ணி அவர் கேட்ட ஒரு லட்ச ரூபாயைத் தயாரிப்பாளர் தயங்காது தந்தார் என்பது பலரும் கூறும் செய்தி. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது 1939-இல்தான். அதற்கு நான்காண்டுகள் முன்பே, வாயிலில் தடுக்கப்பட்ட அடியாரின் ஏக்கத்தை ஒரு பெண்ணின் குரல் ஊர்தோறும் ஒலித்தது.

1953-இல் 'ஔவையார்' வந்தது. மூதாட்டியின் திருவுருவம் என்றாலே அம்மையாரின் முகம் நினைவில் எழும் நிலை உண்டாயிற்று. 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், 'திருவிளையாடல்' படத்தில் மீண்டும் ஔவை, 'காரைக்கால் அம்மையார்' என அவர் ஏற்ற வேடங்கள் யாவும் துறவும் பக்தியும் சார்ந்தவையே. 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. 1951-இல் சென்னை மாகாண மேலவை உறுப்பினராகவும் பொறுப்பேற்றிருந்தார்.

1980-இல் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். ஒலிபெருக்கியின்றி வளர்ந்த அக்குரல், இன்று முருகன் ஆலயத் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியே அடியார்களை அழைக்கிறது. தமக்கு நேர்ந்த பெருந்துயரை இறைவன் திருவடியில் வைத்தவருக்கு, அவன் அருளிய பேறு அது.