கிராங்க் தண்டின் கப்பி: அதன் பணியும் அதனை மாற்றும் முறையும்

மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை உற்று நோக்குவோர், அதன் ஒரு முனையில் தாழ்வானதோர் இடத்தில் கப்பி ஒன்று சுழல்வதைக் காணலாம். அதிலிருந்து செல்லும் பெல்ட் மேலேயுள்ள வேறு சில கப்பிகளையும் சுழற்றுகின்றது. கீழுள்ள இக்கப்பி, எஞ்சினின் முதுகெலும்பு போன்ற கிராங்க் தண்டின் முனையில் பொருத்தப்பட்டதாகும். பார்வைக்கு இது ஒரு சாதாரண இரும்புச் சக்கரமே. இக்காரணத்தால் இதனைப் பொருட்படுத்துவோர் சிலரே.

வண்டியின் முன்புறத்தில் கீச்சொலி எழுந்தால் பெல்ட் தேய்ந்துவிட்டதெனக் கருதிப் புதிய பெல்ட்டைப் பூட்டுவது வழக்கம். சில வாரங்களில் ஒலி மீண்டும் எழும். புதிய பெல்ட்டின் ஓரமும் பிசிறாகும். இவ்வாறு இரண்டு மூன்று பெல்ட்டுகளை மாற்றிய பின்னரே, குறை பெல்ட்டில் அன்று, கப்பியில் உள்ளது என்பது புலனாகின்றது. அதற்குள் தொலைவான சாலையொன்றில் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிடவும் கூடும். பணிமனை அருகில் இல்லாத ஊர்களுக்கு வண்டியில் சென்று வரும் களப்பணியாளர்கள், இப்பொறியுறுப்பைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் பெரும் பயன் தரும்.

கப்பியின் இரு பணிகள்

முதலாவது பணி வெளிப்படையானது. மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், குளிர்பதனக் கருவியின் கம்ப்ரஸர் ஆகியவற்றையும், பல எஞ்சின்களில் தண்ணீர்ப் பம்பையும் இக்கப்பியே பெல்ட்டின் வாயிலாக இயக்குகின்றது. தண்ணீர்ப் பம்பு இந்தப் பெல்ட்டினால் இயங்கும் வண்டிகளில், பெல்ட் கழன்றதும் தண்ணீரின் ஓட்டம் நின்று, எஞ்சின் விரைவில் அளவுகடந்து சூடேறும். அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் தலைப்பகுதி கோணிப் பழுதாகிவிடும்.

இரண்டாவது பணி கண்ணுக்குப் புலப்படாதது. சிலிண்டரினுள் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும், பிஸ்டனின் வழியாகக் கிராங்க் தண்டின்மேல் ஓர் அடி விழுகின்றது. நான்கடிப்பு முறையில் இயங்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இத்தகைய அடிகள் 2 விழும். நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் எனில், வினாடிக்கு 100 அடிகள் விழுகின்றன. ஒவ்வோர் அடியிலும் எஃகுத் தண்டு மிகச் சிறிதளவு முறுக்குண்டு மீள்கின்றது. ஊஞ்சலைத் தக்க தருணந்தோறும் மெல்லத் தள்ளினாலும் அது உயர எழுவது போல, இவ்வடிகளின் வேகமும் தண்டின் இயற்கையான அதிர்வு வேகமும் ஒத்துவிடுமாயின், முறுக்கதிர்வு பெருகிக் காலப்போக்கில் தண்டில் கீறல் உண்டாக்கவும் வல்லது.

இவ்வதிர்வை அடக்குங் கருவியொன்றை இங்கிலாந்து நாட்டுப் பொறியியலாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்தளித்தார். இன்றைய கார்கள் பலவற்றில் கப்பியே அதிர்வடக்கியாகவும் அமைந்துள்ளது. அதன் நடுக்குடம் தண்டுடன் இறுகப் பிணைந்திருக்கும்; வெளிவளையம் கனமானது; இரண்டிற்கும் இடையே இரப்பர் வளையம் ஒன்று உண்டு. குடம் நடுங்கும்போது, கனமான வெளிவளையம் தன் சீரான சுழற்சியை விடாமல் காத்துக்கொள்ள முயலும். இடையிலுள்ள இரப்பர் நெகிழ்ந்து, அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகின்றது.

பழுதின் அறிகுறிகள்

இரப்பர் அழியும் பொருள். வெப்பம், எண்ணெய்க் கசிவு, முதுமை ஆகிய மூன்றும் அதனைக் கெடுக்கின்றன. அது வெடித்தோ பிதுங்கியோ போனால் வெளிவளையம் தள்ளாடும். பெல்ட் ஒருபுறமாக ஒதுங்கித் தேயும். பிணைப்பு முற்றிலும் விட்டுவிட்டால் குடம் சுழல, வளையம் வழுக்கி நிற்கும். அப்போது மின்னேற்றம் குறைந்து, பேட்டரியின் எச்சரிக்கை விளக்கு எரியும். வளையம் கழன்று பறப்பதும் உண்டு. 15 செ.மீ. விட்டமுள்ள கப்பி நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது, அதன் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 85 கி.மீ. ஆகும். அவ்வேகத்தில் சிதறும் இரும்பு என்ன கேடு விளைக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐயம் தோன்றினால் எளிய சோதனை ஒன்று செய்யலாம். எஞ்சின் நின்று ஆறியபின், குடத்திலிருந்து இரப்பரைக் கடந்து வெளிவளையம் வரையில் ஒரே நேர்கோடாக வெள்ளைப் பூச்சினால் ஒரு கோடிடுக. சில நாட்கள் வண்டியை ஓட்டியபின் மீண்டும் நோக்குக. கோடு முறிந்து இரு துண்டுகளும் விலகியிருக்குமாயின், வளையம் வழுக்கிவிட்டது என்பது உறுதி. அத்தகைய கப்பியைச் செப்பனிட முயலாமல் மாற்றிவிடுவதே முறை. டைமிங் குறி வெளிவளையத்தின்மேல் பொறிக்கப்பட்டுள்ள எஞ்சின்களில், வழுக்கிய வளையத்தின் குறியை நம்புவதும் தவறாகும்.

தொடங்குமுன்

இவ்வேலையை வீட்டில் செய்ய இயலுமா என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. கப்பி நிலைமாறாதிருக்கும் பொருட்டுப் பல எஞ்சின்களில் 'கீ' எனப்படும் சிறு எஃகுத் துண்டு தண்டின் பள்ளத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வேறு சில எஞ்சின்களில் இத்துண்டு இல்லை. நடுப் போல்ட்டின் இறுக்கம் ஒன்றே கப்பியையும், உள்ளேயுள்ள டைமிங் சக்கரத்தையும் நிலைநிறுத்துகின்றது. அவற்றில் போல்ட்டைத் தளர்த்திய மாத்திரத்தில் டைமிங் மாறக்கூடும். பின்னர் எஞ்சினை இயக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதிச் சிதையும். ஆகையால் வண்டிக்குரிய பணிமனைக் கையேட்டை முதலிற் படித்தல் இன்றியமையாதது. கீ இல்லாத அமைப்பாயின், வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

எஞ்சின் நன்கு ஆறியிருத்தல் வேண்டும். வண்டியைச் சமதளமான கெட்டித் தரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி விலக்கி வைக்க. ஜாக்கியினால் வண்டியை உயர்த்திய பின், உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் அதனை இறக்கி நிறுத்த வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லையோ, அடுக்கிய பலகைகளையோ நம்பி வண்டியின் அடியில் தலை நீட்டுதல் உயிருக்கு இறுதியாக முடியும்.

கழற்றும் முறை

தேவையாயின் முன்சக்கரத்தையும், அதன் உட்புற மறைப்புத் தகட்டையும் நீக்குக. பெல்ட் செல்லும் வழியைத் தாளில் வரைந்துகொண்டு, இழுவைக் கப்பியைத் தளர்த்திப் பெல்ட்டை எடுக்க. அடுத்து வருவது நடுப் போல்ட்டு. இவ்வேலையின் கடினமான பகுதி இதுவே. போல்ட்டைத் திருப்பினால் தண்டும் உடன் சுழலும். ஆகவே தண்டை அசையாது பிடித்தல் வேண்டும். அதற்கென அமைந்த பிடிகருவியைக் கையாள்வது சிறந்தது. பிளைவீலின் பற்களைப் பூட்டுங் கருவியும் உண்டு. இரப்பருக்கு வெளியேயுள்ள வளையத்தையோ பெல்ட் தடங்களையோ இரும்புக் கம்பியால் நெம்பிப் பிடித்தல் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழலவிட்டு, நீண்ட ஸ்பானரைத் தரையில் முட்டச்செய்து போல்ட்டைத் தளர்த்துவாரும் உளர். ஸ்பானர் நழுவி எறியப்பட்டால் எலும்பை முறிக்கும். இம்முறையை அறவே விலக்குக.

போல்ட்டை எடுத்தபின் கப்பி கையோடு வாராதெனில் புல்லரைப் பயன்படுத்துக. அதன் திருகுகள் குடத்திலுள்ள மரைத் துளைகளில் பொருந்த வேண்டும். வெளிவளையத்தின் விளிம்பைக் கொக்கியால் பற்றி இழுத்தால் இரப்பர் பிய்ந்து வளையம் தனியே வந்துவிடும். சுத்தியலால் தட்டுவதும் தகாது. அவ்வடி தண்டின் நெடுகப் பாய்ந்து, தண்டு முன்பின் நகராதவாறு தாங்கும் மெல்லிய தகடுகளைச் சிதைக்கும்.

ஆய்ந்து பொருத்துதல்

கப்பி நீங்கியதும் மூன்று இடங்களை ஆராய்தல் வேண்டும். கீ நசுங்கியுள்ளதா எனவும், தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீல் கசிகின்றதா எனவும் நோக்குக. பழைய குடத்தின்மேல் சீல் உராய்ந்த இடத்தில் பள்ளம் விழுந்துள்ளதா எனவும் நகத்தால் தடவிப் பார்க்க. சீல் கசிந்தால் இத்தருணத்திலேயே மாற்றுக. இல்லையேல் அந்த எண்ணெயே புதிய கப்பியின் இரப்பரைக் கெடுத்துவிடும்.

புதிய கப்பியைப் பழையதன் அருகில் வைத்து விட்டம், தடங்களின் எண்ணிக்கை, குடத்தின் நீளம் ஆகியவற்றை ஒப்பிடுக. சீலின் உதட்டில் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவி, கீயும் பள்ளமும் நேர்ப்படுமாறு கப்பியைச் செலுத்துக. இறுக்கமாயின் அதற்குரிய திருகு கருவியால் மெல்ல உள்ளிழுக்க வேண்டும். இரண்டொரு மரை மட்டும் பற்றிய நிலையில் நடுப் போல்ட்டைக் கொண்டே இழுத்தால் தண்டின் மரை அழியும்.

இறுதியாகப் போல்ட்டைக் கையேடு கூறும் அளவிற்கு டார்க் ரெஞ்சினால் இறுக்குக. சில தயாரிப்பாளர்கள் குறித்த அளவிற்கு இறுக்கியபின் மேலும் குறித்த கோணம் திருப்பச் சொல்வர். அவ்வகைப் போல்ட்டு இறுக்கத்தில் நீண்டுவிடும் இயல்புடையது. கையேடு மாற்றச் சொல்லுமிடத்துப் புதியதையே பூட்ட வேண்டும். இறுக்கம் குறைந்தால் கப்பி ஆடிக் கீயையும் பள்ளத்தையும் தின்றுவிடும். அப்போது கெடுவது விலை குறைந்த கப்பியன்று, கிராங்க் தண்டேயாம்.

பெல்ட்டை வரைபடத்தின்படி மாட்டி, கருவிகள் யாவற்றையும் அகற்றிய பின்னர் எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, விலகி நின்று நோக்குக. கப்பி ஆடாமலும், பெல்ட் தடம் மாறாமலும் ஓடினால் வேலை செவ்வனே முடிந்ததெனக் கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு

இவ்வேலையில் வகுப்பறைக்கு ஏற்ற பாடங்கள் இரண்டு உள்ளன. இரப்பர்க் குழாய் ஒன்றின்மேல் நெடுகக் கோடிட்டு, ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைத் திருப்பினால், நேர்கோடு சுருள்கோடாவதை மாணவர் காண்பர். எஃகுத் தண்டும் இவ்வாறே முறுக்குறுகின்றது. ஆயின் கண்ணுக்குப் புலப்படாத அளவில்.

மற்றொன்று திருப்புத்திறன். ஒரு போல்ட்டைத் திருப்ப 150 நியூட்டன் மீட்டர் வேண்டுமெனக் கொள்வோம். 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 600 நியூட்டன், அதாவது சுமார் 60 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. கைப்பிடி 75 செ.மீ. நீளமாயின் 200 நியூட்டனே போதும். உடல் வலிமையால் அசையாத போல்ட்டு, நெம்புகோலின் நீளத்தால் அசைகின்றது. பாடநூலில் சூத்திரமாக நின்ற ஒன்று, பழுது நீக்குவோன் கையில் பயனுள்ள அறிவாகின்றது. விதியை அறிந்து கருவியைத் தொடுவோர்க்குச் சுத்தியலின் துணை வேண்டுவதில்லை.