படம் தெரியுது, பேர் வரல
ஒரு பாட்டிகிட்ட பிரெட்செல் படத்தைக் காட்டி, "இது என்ன?"ன்னு கேக்கறாங்க. பதில் இல்லை. ஞாபகம் போயிடுச்சா? இல்ல, அந்தத் தின்பண்டத்தை அவங்க பார்த்ததே இல்லையா?

அமெரிக்காவில் உருவான பாஸ்டன் நேமிங் டெஸ்ட்ல இந்தச் சிக்கல் உண்டு. கேப்லன், குட்கிளாஸ், வைன்ட்ராப் மூணு பேரும் 1983-ல் வெளியிட்டது. 60 கோட்டுப் படங்கள்; கட்டில்ல ஆரம்பிச்சு அபாகஸ்ல முடியும். போகப் போக அரிதான சொற்கள்.

பேர் சொல்ல மூணு படி இருக்கு: படத்தைச் சரியாப் பார்க்கணும், அது என்னன்னு புரியணும், அதுக்கான சொல்லை எடுக்கணும். பதில் வரலைன்னா, சொல்லோட முதல் ஒலியை எடுத்துக் கொடுப்பாங்க. உடனே சொல்லிட்டா, பெரும்பாலும் டேட்டா அழியலைன்னு அர்த்தம், சர்ச்தான் திணறுது.

சின்ன வயசுல கத்துக்கிட்ட, அடிக்கடி புழங்குற சொல் சட்டுனு வரும். வயசு, படிப்பு, வளர்ந்த ஊர் எல்லாமே மார்க்கை மாத்தும். ரெண்டு மொழி பேசறவங்களை ஒரே மொழியில சோதிச்சா மார்க் குறையலாம்.

அதனால ஒரு மார்க்கை மட்டும் வெச்சு டிமென்ஷியான்னு முடிவு கட்டக் கூடாது. வீட்டுப் பெரியவங்களை இப்படி ஒரு டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, எந்த மொழியில வளர்ந்தாங்க, எதுவரைக்கும் படிச்சாங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க.