மேசையிலிருந்து சுவருக்கு வந்த கரண்டிகள்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழம்பொருள் கடைகளிலும் வீட்டுச் சாமான் ஏலங்களிலும் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வரும் 'வெள்ளி'க் கரண்டிகள், முட்கரண்டிகள், மேசைக் கத்திகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை முழு வெள்ளியால் ஆனவை அல்ல. வேறோர் உலோகத்தின் மேல் வெள்ளி முலாம் பூசப்பட்டவை. அவற்றைச் சுவர்க் கொக்கிகளாகவும் காற்றுமணிகளாகவும் படந்தாங்கிகளாகவும் மாற்றும் கைவினை அந்நாடுகளின் வீடுகளில் வேரூன்றியதற்கான காரணத்தை அந்த முலாமின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த தாமஸ் போல்சோவர் 1743 வாக்கில், செம்பின் மேல் வெள்ளியை வெப்பத்தால் ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே தகடாக்கும் முறையைக் கண்டறிந்தார். வெள்ளி உப்புக் கரைசலில் பொருளை மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தி, அதன் மேல் வெள்ளியைப் படியச் செய்யும் மின்முலாம் முறைக்கு 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்ற பிறகு, செல்வர் வீட்டுக்கே உரியதாக இருந்த மேசை வெள்ளி நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. அமெரிக்காவில் ராஜர்ஸ் சகோதரர்களின் 1847ஆம் ஆண்டு முத்திரை வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரம் இத்தொழிலால் 'வெள்ளி நகரம்' என்றே பெயர் பெற்றது. ஆனால் 1913இல் ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு, துலக்கும் வேலை வைக்காத கரண்டிகளைத் தந்தபோது, முலாம் பூசியவை படிப்படியாக இழுப்பறைகளுக்குள் ஒதுங்கின.

1980 ஜனவரியில் வெள்ளியின் விலை ஓர் அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, முழு வெள்ளியால் ஆன எத்தனையோ மேசைத் தொகுதிகள் உருக்கும் உலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முலாம் பூசியவற்றை உருக்குவோர் சீந்தவில்லை. மெல்லிய பூச்சைப் பிரித்தெடுக்கும் செலவுக்கு அதில் கிடைக்கும் வெள்ளி ஈடாகாது. அவர்களுக்குப் பயன்படாததால் தப்பிப் பிழைத்த அந்தக் கரண்டிகளே இன்று கைவினைஞர்களின் மூலப்பொருளாக இருக்கின்றன.

ஆகவே, ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் கரண்டியின் முதுகைப் படிக்க வேண்டும். நடக்கும் சிங்கத்தின் உருவமோ, 925 என்ற எண்ணோ, ஸ்டெர்லிங் என்ற சொல்லோ பொறிக்கப்பட்டிருந்தால், அது 92.5 விழுக்காடு வெள்ளி கொண்ட உலோகக் கலவை. இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால், நிக்கல் வெள்ளியின் மேல் மின்முலாம் பூசப்பட்டது என்று பொருள். பெயரில் வெள்ளி இருந்தாலும் நிக்கல் வெள்ளியில் வெள்ளி துளியும் இல்லை, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. ஸ்டெர்லிங் கரண்டியையும், ஒன்றும் குறையாமல் எஞ்சியிருக்கும் முழுத் தொகுதியையும் வெட்டி வளைப்பது அழிவு வேலையே தவிர கைவினை ஆகாது. தொகுதி கலைந்து தனித்து நிற்பதும், மேசையில் உராய்ந்து உராய்ந்து முதுகின் மேட்டில் முலாம் தேய்ந்து அடியுலோகத்தின் மங்கிய மஞ்சள் தெரிவதுமான கரண்டியே இதற்கு ஏற்றது.

எளிதாகச் செய்யத்தக்கது முட்கரண்டிப் படந்தாங்கி. நான்கு முட்களில் நடுவிலுள்ள இரண்டையும் முன்புறமாகக் கொக்கிபோல் மடக்கினால் அவை படத்தின் அடிவிளிம்பைத் தாங்கும். ஓரத்து இரண்டையும் கீழ்நோக்கி விரித்துவிட்டுக் கைப்பிடியைப் பின்புறமாக வளைத்தால், மூன்று கால்களில் அது தானே நிற்கும். குறட்டின் பற்கள் முலாமைக் கீறிவிடும் என்பதால் இடையில் தோல் துண்டையோ தடித்த துணியையோ வைத்துப் பிடிப்பதும், இரும்புச் சுத்தியலுக்குப் பதில் மரச் சுத்தியலைப் பயன்படுத்துவதும் வழக்கம். ஒரே இடத்தை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உலோகம் இறுகி, விரிசல் கண்டு ஒடிந்துவிடும். ஆகவே வளைவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு ஒரே போக்கில் மெதுவாக வளைக்க வேண்டும். இறுகிய உலோகத்தைச் சூடாக்கி இளக்குவது முழு வெள்ளிக்குப் பொருந்தும். முலாம் பூசியவற்றில் சூடு பூச்சைக் கெடுத்துவிடும். பழைய மேசைக் கத்திகளைத் தொடாமல் விடுவதே நலம்: அவற்றில் பலவற்றின் பிடி உள்ளீடற்ற மெல்லிய தகட்டுக் கூடாக இருக்கும், உள்ளே பிசினோ காரையோ அடைத்திருப்பார்கள், வளைத்தால் கூடு நசுங்கும்.

காற்றுமணி செய்வோர் கரண்டிகளின் குழிப்பகுதியைத் தட்டித் தட்டையாக்கி, கைப்பிடியின் நுனியில் துளையிட்டு, தேநீர்க் கெண்டியின் பழைய மூடியிலிருந்து வரிசையாகத் தொங்கவிடுகின்றனர். ஆனால் ஒலி நீடிக்க வேண்டுமானால் துளை நுனியில் இருத்தல் கூடாது. சீரான உலோகக் கம்பி ஒன்று தட்டப்பட்டு அதிரும்போது, இரு முனைகளிலிருந்தும் அதன் நீளத்தில் ஏறத்தாழ 22 விழுக்காடு தள்ளியுள்ள இரு புள்ளிகள் அசையாமல் இருக்கும். கணு எனப்படும் அவ்விடத்தில் நூல் கட்டினால் அதிர்வு நூலால் தடைபடுவதில்லை. கரண்டியின் ஒரு முனை அகன்றும் மறு முனை குறுகியும் இருப்பதால் கணுக்கள் சற்றே இடம் மாறும். துளையிடும் முன் நூலில் கட்டித் தொங்கவிட்டு, முடிச்சைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தட்டிக் கேட்டால், ஒலி திடீரென நீண்டு இழையும் இடம் காதுக்கே புலப்படும். காற்றுமணி செய்வதில் இதைவிட இன்பமான கட்டம் வேறில்லை.

கறுத்துப்போன வெள்ளியைத் தூள் போட்டுத் தேய்த்தால், ஏற்கெனவே மெலிந்த முலாம் இன்னும் மெலியும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்ஃபைடே அந்தக் கறுப்பு. அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில், அத்தாளைத் தொடும்படி கரண்டியை வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால், கந்தகம் வெள்ளியை விட்டு நீங்கி, வெள்ளி அதன் இடத்திலேயே மீளும். அழுகிய முட்டையின் வாடை எழுவது வினை நடப்பதன் அடையாளம். பூவேலைப்பாடுகளின் பள்ளங்களில் வடிவம் எடுத்துக்காட்டுவதற்காக வேண்டுமென்றே விடப்பட்ட கருமையையும் இது போக்கிவிடும் என்பதால், அத்தகையவற்றை மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் நிறமற்ற லாக்கர் பூச்சு அடித்தால் நெடுங்காலம் கறுக்காது. ஆனால் பூச்சு ஓரிடத்தில் உரிந்தால் அங்கு மட்டும் கறை திட்டாகப் படியும். கை அடிக்கடி படும் கொக்கிகளுக்கு, தேய்ந்தபோதெல்லாம் மீண்டும் தடவிக்கொள்ளத்தக்க மெழுகே மேல். பூச்சோ மெழுகோ ஏறிய கரண்டியை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது.