திரும்பி வந்த நோயும் சொல்லாமல் விட்ட நோவும்

மார்பகப் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சை செய்து, மருந்து ஏற்றி, தலைமுடி கொட்டி, மீண்டும் முளைத்து, "இனிப் பயமில்லை" என்று வீட்டு வேலைகளுக்குத் திரும்பிய ஒரு பெண்ணிடம் சில வருடங்களின் பின் "நோய் திரும்பவும் வந்திருக்கிறது" என்று சொல்லப்படும் நாளை நினைத்துப் பாருங்கள். முதன்முறை வந்த பயத்தைவிட இரண்டாம் முறை வரும் களைப்புத்தான் பெரிது என்று எம்முடன் பேசிய சகோதரிகள் பலரும் சொல்கிறார்கள். "திரும்பவும் முதலிலையிருந்தோ?" என்பதே அவர்களுடைய முதல் கேள்வி.

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் தையல் வேலை செய்யும் ஒரு அக்காவை நாம் அறிவோம். 2009இல் கணவரைத் தொலைத்தவர். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அக்காவுக்கு 2018இல் இடது மார்பு அகற்றப்பட்டது. ஐந்து வருடங்களின் பின் முதுகில் விடாத நோ. மெஷினில் குனிந்திருந்து தைப்பதால் வந்ததென்று நினைத்து மூன்று மாதம் எண்ணெய் பூசினார். பிறகுதான் எலும்பிலும் ஈரலிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது.

அவருக்குக் கெப்பசிட்டபீன் என்ற குளிசை கொடுத்தார்கள். இரண்டு கிழமை குடித்து ஒரு கிழமை விடுகிற மருந்து. மருந்து ஏற்றத் தேவையில்லை என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இரண்டாவது சுற்றில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்தன. மூன்றாவது சுற்றில் தோல் உரிந்து, ஊசி பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர் "எப்படி அம்மா?" என்று கேட்டபோது அக்கா சொன்ன பதில் "ஒண்டுமில்லை டொக்டர், நல்லா இருக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டோம். "சொன்னா மருந்தை நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயம். அதோடை, இதென்ன பெரிய நோ? நாங்கள் தாங்காததோ?"

பதுங்குகுழியிலும் முகாமிலும் பசியையும் காயத்தையும் வாயைத் திறக்காமல் தாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம்தான் எம்மைப் பிழைக்க வைத்தது. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் அதே பழக்கம் எமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. ஏனென்றால் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்கு வைத்தியருக்கு இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, நாம் சொல்வதும் வேண்டும். உள்ளங்கை எரிவதை இரத்தம் காட்டாது.

கடைசியில் ஒரு தாதி அக்காவின் செருப்பில்லாத காலைப் பார்த்துத்தான் விடயம் வெளியே வந்தது. குளிசையைத் தோல் ஆறும்வரை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். "குறைச்சுக் குடுத்தா வேலை செய்யாதோ?" என்று அக்கா கேட்டாராம். அளவைக் குறைப்பதும் இடைவெளி விடுவதும் இந்தச் சிகிச்சையில் வழமையான காரியங்கள். தாங்கக்கூடிய அளவில் தொடர்ந்து எடுப்பதுதான் பயன் தரும். தாங்க முடியாத அளவில் எடுத்து ஒரேயடியாக விட்டுவிடுவதால் பயனில்லை. கை கால்களுக்குக் களிம்பு பூசுவது, சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவாமல் விடுவது, இறுக்கமான செருப்பைத் தவிர்ப்பது ஆகியனவும் உதவும். குளிசையைச் சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். தவறிய வேளைக்காக அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்கக்கூடாது. இதே குளிசையால் வயிற்றோட்டமும் வரலாம். வழமையைவிட நாளொன்றுக்கு நான்கு தடவை கூடுதலாகப் போனாலோ, இரவில் எழுந்து போக நேர்ந்தாலோ குளிசையை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ள வேண்டும்.

சொல்லத் தாமதிக்கவே கூடாத சில விடயங்கள் உண்டு. மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், பனடோல் போட்டுப் படுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. பெரும்பாலும் மருந்து ஏற்றி ஒரு கிழமை தொடக்கம் இரண்டு கிழமைக்குள் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கிருமி தொற்றினால் சில மணித்தியாலங்களில் நிலைமை மோசமாகலாம். இரவென்றாலும் ஆட்டோ பிடித்துப் போங்கள். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். எலும்பில் நோய் உள்ளவர்களுக்குத் திடீரென்று கால் பலவீனமாகினாலோ, விறைத்தாலோ, சலம் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ அதுவும் அன்றைக்கே போகவேண்டிய அவசரம். முள்ளந்தண்டு நரம்பு நசிவதால் அப்படி வரலாம். பிந்தினால் நடக்க முடியாமலே போகலாம்.

இனி, எம்மைப் போன்ற பெண்களுக்கென்றே ஒரு விடயம். எமது உடம்புகளில் பழைய காயங்கள் இருக்கின்றன. அந்த அக்காவின் வலது தொடையிலும் ஒரு ஷெல் துண்டு உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முன் கட்டாயம் அதைச் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அசையலாம், சூடாகலாம். சொன்னால் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள், அல்லது வேறு ஸ்கான் செய்வார்கள். அதேபோல எலும்பு ஸ்கானில் பழைய முறிவுகளும் அடையாளமாகத் தெரியலாம். எங்கே முறிந்தது, எந்த வருடம் என்று சொன்னால் வைத்தியர் அதை நோயென்று எண்ணிக் குழம்பமாட்டார். "அது பழைய கதை, இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று விட்டுவிடாதீர்கள்.

நோய் திரும்பிய பிறகு எந்தச் சிகிச்சை என்ற தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது? முடியுமானால் புதிய கட்டியிலிருந்து மீண்டும் ஒரு சிறு துண்டெடுத்துச் சோதிப்பார்கள். "ஒருக்கா எடுத்தவைதானே" என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நோயின் குணம் இடையில் மாறியிருக்கலாம், அதற்கேற்ப மருந்தும் மாறும். ஹோர்மோனுக்குக் கட்டுப்படும் வகையென்றால், உறுப்புகளுக்கு உடனடி ஆபத்து இல்லாதவிடத்துப் பெரும்பாலும் முதலில் குளிசைகளாலேயே முயன்று பார்க்கலாம். அவற்றுக்கும் தொல்லை உண்டு: லெட்ரோசோல் எடுப்போருக்கு மூட்டுக்கள் காலையில் இறுகி நோகும், உடம்பு கனலெடுக்கும். முன்னர் ஏற்றிய மருந்துகளும் கணக்கில் வரும். சிவப்பு மருந்து என்று நாம் சொல்லும் டொக்சோரூபிசினை வாழ்நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றினால் இருதயம் பாதிக்கப்படும். ஆகவே பழைய டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். இடம்பெயர்ந்து பழகிய எமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வைத்தியரிடம் துணிந்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த மருந்து நோயை முற்றாக மாற்றவோ, அடக்கி வைக்கவோ?" தழும்பிலோ அதன் அருகிலோ மட்டும் திரும்பிய நோயை மீண்டும் முற்றாகக் குணப்படுத்த முயல்வார்கள். எலும்பு, ஈரல், நுரையீரல் என்று பரவியிருந்தால் நோக்கம் வேறு. நோயை அடக்கி, நோவைக் குறைத்து, நாட்களை நல்ல நாட்களாக நீட்டுவது. அப்படிப் பல வருடம் வாழ்பவர்களும் உண்டு. அடக்கி வைப்பதுதான் நோக்கம் என்றால், உங்களுடைய தையலும், சமையலும், பிள்ளையின் பரீட்சையும் அந்தத் தீர்மானத்தில் இடம்பெறத் தக்க காரணங்கள். அவற்றைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

தூரமும் பணமும் கூடத் தீர்மானத்துக்குள் வந்துவிடுகின்றன. முன்னர் வடக்கிலிருந்து மகரகமவுக்கு அலைந்தவர்கள் பலர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. அதனால் அலைச்சல் குறைந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை நாமெல்லோரும் பார்த்தோம். மருந்து வெளியில் வாங்க வேண்டும் என்றால், நகையை அடகு வைக்க முன் "இதுக்குப் பதிலா இங்கை இருக்கிற மருந்து ஏதும் உண்டோ?" என்று கேளுங்கள்.

மோர்பின் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது சாகப் போகிறவர்களுக்கான மருந்து என்ற பயம் எம் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. நோவுக்காக வைத்தியர் சொன்ன அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். நோ அடங்கி இரவு நித்திரை கொண்டவர்தான் மறுநாள் எழும்பி நாலு வாய் சாப்பிடுவார். புற்றுநோய்க்கான மருந்து போதும் என்று ஒருவர் தீர்மானித்தாலும் நோவுக்கான சிகிச்சை தொடர வேண்டும், தொடரும்.

அக்காவிடம் இப்போது நாற்பது பக்கக் கொப்பி ஒன்று இருக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்தது. எத்தனை தரம் வயிற்றோட்டம், எப்போது காய்ச்சல், கை எந்த நாளில் எரிந்தது என்று அதில் எழுதுகிறார். கிளினிக்கில் "எப்படி அம்மா?" என்று கேட்டால் கொப்பியை விரித்து வாசிக்கிறார். போன மாதம் ஸ்கானில் ஈரலில் நோய் சற்றுக் கூடியிருந்தது. கிழமைக்கொரு தரம் மருந்து ஏற்றலாம் என்றார்கள். மகளின் பரீட்சை முடிய மூன்று கிழமை இருந்தது. பொறுக்கலாமா என்று அக்கா கேட்டார். டொக்டர் இரத்த அறிக்கையை மறுபடி பார்த்துவிட்டுப் பொறுக்கலாம் என்றார், ஆனால் கண் மஞ்சளானால் உடனே வரச் சொன்னார். அதையும் அக்கா கொப்பியில் எழுதிக்கொண்டார்.

வருகிற திங்கட்கிழமை அவருக்கு முதல் ஊசி.