மோட்டார் சைக்கிளின் வாட்டர் பம்பை வீட்டிலேயே மாற்றுவது

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலன்ட்டை ஓயாமல் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் இது கிடையாது. அவற்றின் சிலிண்டரைச் சுற்றியுள்ள உலோகச் செதில்கள் மேல் காற்று படுவதாலேயே சூடு தணிகிறது. கூலன்ட் ஓடும் வண்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் பெருகியது 2008-இல் யமஹா ஆர்15 வந்த பிறகுதான். 2011-இல் ஹோண்டா சிபிஆர்250ஆர், 2012-இல் கேடிஎம் டியூக் 200 என்று வரிசையாக வந்தன. சென்னையை ஒட்டித் தயாராகும் ராயல் என்ஃபீல்டும் 2023-இல் ஹிமாலயன் 450 மூலம் இந்த முறைக்கு வந்துவிட்டது. முதலில் வந்த வண்டிகளுக்கு இப்போது பத்து, பதினைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பம்பின் சீல்கள் தேய்ந்து கசியத் தொடங்கும் வயது அது.

பம்பின் அமைப்பு எளிது. எஞ்சினுக்குள் சுழலும் பல்சக்கரமோ தண்டோ பம்பின் தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் வெளிமுனையில் இருக்கும் இம்பெல்லர் என்ற சிறு விசிறி, கூலன்ட்டை நடுவில் இழுத்து ஓரத்தை நோக்கி வீசுகிறது. ஒரே தண்டின் ஒரு முனை எஞ்சின் ஆயிலிலும் மறுமுனை கூலன்ட்டிலும் இருப்பதுதான் இதிலுள்ள சிக்கல். இரண்டும் கலந்துவிடாமல் இரண்டு சீல்கள் காக்கின்றன. ஆயில் பக்கம் சாதாரண ரப்பர் ஆயில் சீல். கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல். கண்ணாடிபோல் வழவழப்பான இரண்டு வளையங்களை ஒரு ஸ்பிரிங் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருக்கும்.

இரண்டு சீல்களுக்கும் நடுவே விட்ட இடைவெளியிலிருந்து வெளியே ஒரு சிறு துளை திறக்கிறது. பம்பின் அடிப்பக்கம் பார்த்தால், தீக்குச்சி நுழையும் அளவில் தெரியும். இந்தத் துளை வைத்ததற்குக் காரணமே கசிவைக் காட்டிக்கொடுப்பதுதான். அதில் பச்சையாகவோ நீலமாகவோ சொட்டினால், அல்லது அந்த நிறத்தில் பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தால், மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் போய்விட்டது. கசிவை நிறுத்துவதாக நினைத்து இதில் எம்-சீல் பசை வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிடக் கேடு வேறில்லை. வெளியே போக வழியில்லாத கூலன்ட் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கும். ஆயில் கண்ணாடியில் பார்த்தால் ஆயில் பால்காபி நிறத்தில் இருக்கும். அந்த ஆயிலில் ஓடும் பேரிங்குகள் நெடுநாள் தாங்கா.

பம்பைக் கழற்றுமுன் மற்றவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கலாம். பம்ப் மூடியின் ஓ-ரிங் காய்ந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகி அழுத்தத்தை விட்டுவிடலாம். ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறியதற்கு ஹெட் கேஸ்கட்டும் காரணமாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் வண்டியைப் பட்டறையில் காட்டுவதே முறை. துளையில்தான் கசிகிறது என்று உறுதியானால் மட்டுமே பம்ப் வேலை.

உதிரிபாகம் வாங்கும்போது வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லிக் கேட்க வேண்டும். சில வண்டிகளில் பம்ப் முழுதாக ஒரே தொகுதியாகக் கிடைக்கும். பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகிவிடலாம். வீட்டில் முதல்முறை செய்பவருக்கு இதுவே ஏற்றது. வேறு சிலவற்றில் சீல்களை மட்டும் வாங்கி, கிளட்ச் கவரைக் கழற்றி உள்ளே அழுத்திப் பொருத்த வேண்டும். எதுவானாலும் புதிய ஓ-ரிங், கேஸ்கட், டிரெய்ன் போல்ட்டின் செம்பு வாஷர் ஆகியவை சேர்த்தே வாங்க வேண்டியவை. பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டு மிச்சப்படுத்தும் சில ரூபாய்க்காக முழு வேலையையும் மறுபடி செய்யும்படி ஆகும்.

எஞ்சின் கைவைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடி தரும் அழுத்தத்தில் அது 120-ஐயும் தாண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விலகி, கொதிநீர் முகத்தில் பீறிடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதே பாதுகாப்பு.

வண்டியை நேராக நிறுத்தி, பம்ப் மூடியின் அடியிலுள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் கூலன்ட் மெல்ல வரும். ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் வேகமாகக் கொட்டும். அகலமான தட்டு அடியில் இருக்கட்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பான நஞ்சு. நாயும் பூனையும் விரும்பி நக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் சாகும். பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், பாட்டிலில் அடைத்துப் பெயர் எழுதி, வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுக்க வேண்டும். பம்பை உருவும்போது ஆயிலும் வரும் அமைப்பாக இருந்தால் எஞ்சின் ஆயிலையும் முன்பே இறக்கிவிட வேண்டும்.

பம்ப் மூடியின் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய போல்ட்டை அதனதன் இடத்தில் குத்திவைத்தால் குழப்பம் வராது. நீள போல்ட் குட்டைத் துளைக்குப் போனால் அலுமினியம் விரிசல் விடும். மூடி வந்ததும் இம்பெல்லரைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் பேரிங்கோ தண்டோ தேய்ந்திருக்கிறது. சீல் மட்டும் மாற்றிப் பயனில்லை. தண்டில் சீல் உதடு உரசிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்துத் தடம் தட்டுப்பட்டால், தண்டையும் மாற்ற வேண்டும். இம்பெல்லர் சில வண்டிகளில் இடப்புறப் புரியில் இறுகியிருக்கும். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்துவிட்டே ஸ்பேனரை வைக்க வேண்டும்.

சீல்களை மட்டும் மாற்றுபவருக்கு மிகுந்த பொறுமை தேவை. மெக்கானிக்கல் சீலின் வழவழப்பான முகத்தை விரலால் தொடக் கூடாது. கிரீஸோ மண்துகளோ பட்டாலே கசியத் தொடங்கும். வெளிவிட்டத்துக்குச் சரியான சாக்கெட்டை வைத்து, எல்லாப் பக்கமும் ஒரே அளவு இறங்கும்படி நேராக அழுத்த வேண்டும். சுத்தியலால் ஒருபக்கம் தட்டிய சீல் சாய்ந்து உட்காரும். ஆயில் சீலின் உதட்டில் மட்டும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் தடவலாம்.

திரும்பப் பூட்டுமுன் மூடி உட்காரும் பரப்பைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் விழும் கீறல் வழியே கசியும். ஓ-ரிங் அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்த பிறகு, போல்ட்டுகளைக் கையால் திருகி, பின் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தை நம்பி முறுக்கினால் அலுமினியத்தில் புரி அறுந்துவிடும். டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கியாவது பயன்படுத்தலாம்.

கூலன்ட் ஊற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். குழாய்த் தண்ணீர், அதிலும் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர், உள்ளே படிவாக இறுகிச் சீல் முகங்களை அரைக்கும். தயாராகக் கலந்து விற்கும் கூலன்ட்டே சிறந்தது. அடர்கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே கலக்க வேண்டும். சிலிகேட் கலந்த கூலன்ட் பம்ப் சீலை விரைவில் தேய்த்துவிடும் என்று ஹோண்டா தன் கையேடுகளில் எச்சரிக்கிறது.

கூலன்ட்டை மெல்ல ஊற்றி, வண்டியை இருபுறமும் சாய்த்து, ஹோஸ்களைக் கையால் பிசைந்தால் உள்ளே அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறும். ஆயிலை இறக்கியிருந்தால் அதையும் ஊற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சில முறை லேசாகத் திருகினால் மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூட வேண்டும். காற்று அடைபட்டிருந்தால் புதிய பம்ப் இருந்தும் எஞ்சின் கொதிக்கும். ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு எஞ்சினுக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவைத்து, மறுநாள் காலை பார்க்கலாம். மூடி ஓரத்தில் ஈரம் தெரிந்தால் ஓ-ரிங் நழுவியிருக்கிறது. துளையில் புதிதாக இரண்டொரு சொட்டு வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. சீல் முகங்கள் ஒன்றோடொன்று பழகும்வரை அப்படி வருவதுண்டு. நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால் சீல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது; இன்னொரு புதுச் சீல் வாங்கி மறுபடி திறப்பதைத் தவிர வழியில்லை.