வெள்ளைச் சேலையும் சாதிச் சான்றிதழும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் சற்று நேரம் நின்றால், வண்டலூர் பக்கம் போகும் பேருந்துகளில் வெள்ளைச் சேலைகள் ஏறுவதைப் பார்க்கலாம். நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. காதும் கழுத்தும் வெறுமை. கையில் கறுப்பு உறை போட்ட வேதாகமம். கூட வரும் ஆண்களும் வெள்ளைச் சட்டைதான். ஊருக்குப் புதியவர் பார்த்தால் துக்க வீட்டுக்குப் போகிறார்களோ என்று நினைப்பார். இவர்களில் பலர் போவது ஜி.எஸ்.டி. சாலையில், இரும்புலியூரில் உள்ள த பெந்தெகொஸ்தே மிஷன் சபைக்கு.

கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் இலங்கைக்கு வேலைக்குப் போன ராமன்குட்டி என்பவர் அங்கே கிறிஸ்தவராகி, பாஸ்டர் பால் என்ற பெயரில் 1920-களில் கொழும்பில் தொடங்கிய சபை இது. இலங்கையில் அதன் பெயர் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். இன்று அதன் உலகத் தலைமையிடம் நம் இரும்புலியூர். சபையின் முழுநேர ஊழியர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை, சம்பளம் வாங்குவதில்லை, 'விசுவாச வீடு' எனப்படும் இல்லங்களில் கூட்டாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளை உடைதான் எப்போதும். குடும்பமாக வரும் விசுவாசிகளுக்கு நகை கூடாது; பெண்கள் ஜெபத்தில் முக்காடு போட வேண்டும். ஆண்டுக் கூட்டத்துக்கு வெளிநாடுகளில் இருந்து வருகிறவர்களும் இதே விதிக்குள்தான் வந்து அமர்கிறார்கள். பொன்னாலும் முத்தாலும் பெண்கள் தங்களை அலங்கரிக்க வேண்டாம் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் சொல்வதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

பெருங்களத்தூர், முடிச்சூர், பம்மல், கடப்பேரி என்று தென்புறநகர் முழுக்கச் சிறிய பெந்தெகொஸ்தே சபைகள் நிறைய உண்டு. மாடி வீட்டின் மேல்தளத்தில் தகரக் கூரை போட்டு நடப்பவையும் உண்டு. கண்டிப்பு சபைக்குச் சபை மாறும். ஒன்றில் தாலிக்கு அனுமதி, இன்னொன்றில் மெல்லிய சங்கிலிக்கு அனுமதி, மற்றொன்றில் கல்யாணத்திலேயே தாலி கட்டுவதில்லை. ஆனால் பொட்டும் பூவும் எங்குமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

தலித் பத்தியில் இந்தச் சங்கதி எதற்கு? அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் நம் காலனிப் பெண்கள். சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றில் பல காலம் தங்கி ஆராய்ந்த நதானியேல் ராபர்ட்ஸ் என்ற மானுடவியலாளர் 2016-ல் வெளியிட்ட நூலிலும் இதே காட்சிதான்: சபைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள், கடன், குடிக்கிற கணவன், நோய் என்று கனத்த மனதோடு வருகிறவர்கள். அவர்களிடம் சபை முதலில் கேட்பது உடையையும் நகையையும்தான். உடையும் நகையும் நமக்குச் சின்ன விஷயம் அல்ல. அவற்றுக்காக அடி வாங்கிய வரலாறு நமக்கு இருக்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, உடைமைகள் அழிந்தன. அடுத்த ஆண்டு தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாகின.

அந்தப் பட்டியலையும் சபையின் விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கணம் திகைப்பாகத்தான் இருக்கிறது. நகை கூடாது, பூ கூடாது என்று அங்கும் இருந்தது, இங்கும் இருக்கிறது. பாட்டி சூடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பூவைப் பேத்தி தானாகவே எடுத்து வைக்கிறாளா?

இரண்டும் ஒன்றல்ல என்பதே என் எண்ணம். ராமநாதபுரத்துத் தடை ஒரு சாதிக்கு மட்டும் போடப்பட்டது. உன்னைப் பார்த்ததும் நீ யாரென்று தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சபையின் விதி டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கும், அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் ஒன்றே. தரையில் பாய் விரித்து எல்லாரும் வெள்ளையில் உட்கார்ந்தால் யார் எந்தத் தெரு என்பது கண்ணுக்குத் தெரியாது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகத் தேவாலயத்தைச் சுவர் வைத்துப் பிரித்திருந்ததையும், திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் நிற்பதையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பாயின் அருமை புரியும். வெள்ளை நமக்கு அந்நிய நிறமும் அல்ல. 1956 அக்டோபர் 14-ல் நாகபுரியில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவ வந்த லட்சக்கணக்கானோர் வெள்ளை உடையில்தான் திரண்டார்கள்.

நகையைப் பற்றியும் அம்பேத்கர் பேசியிருக்கிறார். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாக ஆகிவிட்ட கனத்த மலிவு நகைகளைக் கழற்றச் சொன்னார். மற்ற பெண்களைப் போலச் சேலையைக் கால்வரை இறக்கிக் கட்டச் சொன்னார். பெண்கள் அங்கேயே சேலையை மாற்றிக் கட்டினார்கள். அதாவது, நகையைக் கழற்றுவது விடுதலையாகவும் இருக்கலாம், ஒடுக்குமுறையாகவும் இருக்கலாம். யார் சொல்லி, யாருக்காகக் கழற்றுகிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

கோயில்கள் ஒழுங்கு குறைந்தவை என்று எவரும் நினைக்க வேண்டாம். 2015 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி, கோயிலுக்கு வருபவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு விதித்து உத்தரவிட்டார். 2016 ஜனவரி 1 முதல் ஜீன்ஸுக்கும் லெக்கிங்ஸுக்கும் வாசலில் தடை. அதே மாதத்தில் மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆண்கள் சட்டையைக் கழற்றினால்தான் சில கோயில்களுக்குள் போகலாம் என்ற வழக்கம் இன்றும் தொடர்கிறது. பூணூல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த வழக்கமே வந்தது என்று கேரளத்தின் சிவகிரி மடத் தலைவர் 2024 கடைசியில் வெளிப்படையாகச் சொன்னார்.

பாயில் சமத்துவம் என்றேன். அந்தச் சமத்துவத்தின் செலவு சமமாக விழுவதில்லை. வெள்ளைச் சேலையை வெள்ளையாக வைத்திருக்கத் தண்ணீர் வேண்டும், சொட்டு நீலம் வேண்டும், இஸ்திரி வேண்டும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் தெருவில் அது தனி வேலை. விதியின் பாரமும் பெரும்பாலும் பெண் மேல்தான். ஆணிடம் கழற்ற ஒரு மோதிரமும் கைக்கடிகாரமும் இருக்கும், அவ்வளவே. தங்கமோ ஏழைப் பெண்ணுக்கு அலங்காரம் மட்டும் அல்ல. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போவது அந்த ஒரு ஜோடிக் கம்மல்தான். நிலமும் வீடும் ஆண் பெயரில் இருக்கும் குடும்பத்தில் அவள் பெயரில் இருந்த ஒரே சொத்து அது. நகை வேண்டாம் என்பதால் மகள் கல்யாணத்தில் பவுன் கணக்கு ஒழிகிறதே என்று நிம்மதி அடைகிற தாய்களும் உண்டு. பவுனுக்குப் பதில் ரொக்கம் கேட்கும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சபை என்ன பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தது அந்த நிம்மதி.

இனி வருவது மாணவர்கள் கவனிக்க வேண்டியது. சபை கழற்றச் சொல்லும் பொட்டையும் தாலியையும் அரசாங்கமும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்து மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றுவரை வெளியே. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த கிறிஸ்தவ ஆதிதிராவிடர் ஒருவர், இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டது ஏன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985-ல் அவர் மனு தள்ளுபடி ஆனது.

தமிழகத்தில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 18 சதவீத இடத்தை விட்டு, பல சாதிகள் போட்டியிடும் 26.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குறியாகிறது. பாதிரியார் ஒருவரின் புகாரில் ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-ல் அப்படித்தான் சொன்னது. தாம்பரம் மாநகராட்சியின் முதல் தேர்தலில், 2022-ல், மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெற்ற காலனிப் பெண் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், அந்த இடத்துக்குப் போட்டியிட முடியாது.

இதனால்தான் பலர் ஞாயிறு ஒரு கோலமும் திங்கள் ஒரு கோலமுமாக இருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் விசாரணை என்றால் பொட்டு வைத்துப் போவது ஊரறிந்த ரகசியம். அவர்களைப் பொய்யர்கள் என்று திட்டுவது சுலபம். மதம் மாறினாலும் காலனி மாறவில்லை, வீடு வாடகைக்குத் தருகிறவரின் கேள்வி மாறவில்லை. சான்றிதழ் மட்டும் ஏன் மாற வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு யாரிடமும் நேர்மையான பதில் இல்லை.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. கிறிஸ்தவரை மணந்த ராமநாதபுரம் மாவட்டப் பெண் மருத்துவர் ஒருவரின் கிளினிக் சுவரில் சிலுவை தொங்கியதைக் காட்டி அவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழை ரத்து செய்திருந்தார்கள். 2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தேவாலயத்துக்குப் போவதாலோ சிலுவை மாட்டுவதாலோ ஒருவர் தன் மதத்தைக் கைவிட்டார் என்று ஆகாது என்று சொல்லி, அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மையையும் கண்டித்தது. ஆனால் 2024 நவம்பர் 26-ல், புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. ஞானஸ்நானம் பெற்று, தவறாமல் தேவாலயம் போகிறவர், வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வதை ஏற்க முடியாது என்றது. தாய்மதம் திரும்பியவர்கள் சான்றிதழ் பெறலாம் என்ற 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இருக்கிறது. அதற்கு மதம் திரும்பியதையும், சொந்தச் சாதியார் ஏற்றுக்கொண்டதையும் நிரூபிக்க வேண்டும்.

தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. சேர்க்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19-ல் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்குக் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது.

அதுவரை ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையைத் தமிழக அரசு, கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்காக யாரும் மதத்தை மறைக்க வேண்டியதில்லை. சான்றிதழில் உள்ளதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் போதும். ஆதிதிராவிடர் நலத்துறைப் பிரிவில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.