நல்ல நடத்தையும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம்தான்

‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளைகள் படிக்கும் நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளில் பிரம்புக்கு இடமில்லை. 1995இல் இயற்றப்பட்ட சட்டம் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டிலும் உடல் தண்டனைக்கு முடிவு கட்டியது. அப்படியானால் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது?

இங்குள்ள அரசுப் பள்ளிகள் பலவும் ‘பிபிஎல்’ (Positive Behaviour for Learning) என்ற முறையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராபர்ட் ஹார்னர் முதலானோர் 1990களில் வளர்த்தெடுத்த முறையிலிருந்து வந்தது இது. மேற்குச் சிட்னிப் பள்ளிகளில் 2000களின் நடுப்பகுதியில் வேரூன்றியது. கூட்டல் கழித்தலைப் போல நடத்தையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கைச் சொல்லித் தருகிறோம். நல்லபடி நடந்துகொள்ளத் தெரியாத பிள்ளையை மட்டும் ஏன் உடனே தண்டிக்க வேண்டும்?

பாதுகாப்பு, மரியாதை, கற்றல் என்பதுபோல மூன்று நான்கு எதிர்பார்ப்புகளைப் பள்ளி முழுவதற்கும் பொதுவாக வைக்கிறார்கள். ‘மரியாதையாக இரு’ என்று சொல்லிவிட்டால் ஐந்து வயதுக் குழந்தைக்கு என்ன விளங்கும்? அதனால் கான்டீன் வரிசையில் மரியாதை என்றால் முண்டியடிக்காமல் முறை வரும்வரை நிற்பது, காசு கொடுத்து வாங்கியதும் நன்றி சொல்வது என்று இடத்துக்கு இடம் பிரித்துச் சொல்கிறார்கள். ஆசிரியர் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் செய்து பழகுகிறார்கள். சரியாகச் செய்த பிள்ளையிடம் வெறும் ‘குட் பாய்’ சொல்வதில்லை. “தம்பிக்கு வழிவிட்டு நின்றாயே, அது நல்ல செயல்” என்று செயலைச் சுட்டிச் சொல்கிறார்கள். எதைச் செய்தால் நல்ல பெயர் கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைக்கும் தெரிகிறது, பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரிகிறது.

கொரியன், மாண்டரின், கான்டனீஸ், தமிழ் என்று வீட்டுக்கொரு மொழி ஒலிக்கும் சிட்னியின் லிட்கம் போன்ற ஊருக்கு இப்படி விளக்கிச் சொல்வது மிகவும் தேவை. பெரியவர் கண்டிக்கும்போது தலை குனிவது நம் வீட்டில் பணிவு. இங்குள்ள ஆசிரியருக்கோ அது காது கொடுக்காததுபோலத் தோன்றலாம். சொல்லாமலே புரியும் என்று எந்த விதியையும் விட்டுவிட முடியாது.

இந்தப் பொதுவான பயிற்சி மட்டும் எல்லாருக்கும் போதாது. சில பிள்ளைகளுக்குச் சிறு குழுவில் கூடுதல் பயிற்சி தேவை. மிகச் சிலருக்குத் தனித் திட்டமே வேண்டும். நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைகளுக்குத் தரும் பரிசுச் சீட்டுகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவை தொடக்கத்தில் உதவும். ஆசிரியர் கவனித்துச் சொல்லும் ஒரு சொல்தான் நிலைக்கும். அதிலும் வாய் திறக்காத, புதிதாக வந்து சேர்ந்த பிள்ளை ஆசிரியர் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

ஒவ்வோர் அரசுப் பள்ளியும் தன் நடத்தைத் திட்டத்தை எழுதி வைத்திருக்கிறது. கேட்டு வாங்கிப் படியுங்கள். அதே சொற்களை வீட்டிலும் பயன்படுத்துங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது மதிப்பெண்ணோடு, “என் பிள்ளை எதை நன்றாகச் செய்கிறாள்?” என்றும் கேளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் மூலமே பள்ளியுடன் பேசலாம்.